நத்தைகளின் பங்கு

ஆய்வகத்திலிருந்து ஒற்றைத் தாள் வந்தது.
தோட்டத்து மண்ணில் ஈயம்.
விதைக்க வேண்டாம், குழந்தைகளை
அதில் விளையாட விட வேண்டாம்.
குழந்தை பெர்கனில் லாரி ஓட்டுகிறான்
என்றாள் லுத்விகா, தாளைப் பார்த்து.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பத்தொன்பது வருடம் அந்த உருக்காலையில்
உலை வாசலில் நின்றவன்.
புகைபோக்கி வழியே மேலே போனது
எங்கள் தலையில்தான் இறங்கும் என்று
யாருக்குத்தான் தெரியாது.

அப்படியானால் இந்த மண்ணைத் தொடாமல்
பயிர் செய்வோம் என்றாள்.
டோபியாஷின் அடுக்குக் கட்டிலைப் பிரித்தோம்.
பைன் பலகை. மேல்தட்டின் விளிம்பில்
ஆறு வயதில் அவன் ஆணியால் கீறிய கப்பல்.
கப்பல் வெளியே தெரிய வேண்டுமென்று
மூன்று முறை பலகையைத் திருப்ப வைத்தாள்.
அடியில் கனத்த துணி, அதன்மேல் அட்டைப்பெட்டிகள்,
வெட்டிப்போட்ட பிர்ச் கிளைகள்,
ஹெர்மினா வீட்டு முயல் புழுக்கை,
இரண்டு குளிர்காலத்து மக்கு,
மேலே வெளியூர் மண் நாற்பது மூட்டை.
காசு கொடுத்து மண் வாங்குகிறவனைப் பார்த்து
வேலிக்கு அப்பால் வீட்டோல்ட் சிரித்தான்.
சிரிக்கட்டும்.
இடுப்புயர மேட்டுப் பாத்தி.
என் முழங்கால் மடங்க மறுத்து ஐந்து வருடம்.

மருந்து அடிப்பதில்லை என்பது சட்டம்.
போட்டவள் அவள்.

மே முழுக்க மழை விடவில்லை.
நூல்கோல் நாற்று நாலு இலை விட்டது,
பட்டாணி பிடிமானம் தேடி முதல் சுருளை நீட்டியது.
அப்போதுதான் குடிவந்தன ஓடில்லாத நத்தைகள்,
செம்பழுப்பாக, என் விரல் நீளத்தில்.
காலையில் நடுநரம்பு மட்டும் மிச்சம்.
பலகை நெடுகக் காய்ந்த வெள்ளிக்கோடு,
கப்பலின் மேலேயும்.
முட்டை ஓடு பொடித்துத் தூவினோம்,
செப்புப் பட்டை அடித்தோம்.
ஏணி தேவைப்படாத பிள்ளைகள் மாதிரி
கட்டிலில் ஏறின.

பியர் வைத்தால் விழும் என்ற ஹெர்மினா
சொன்ன வாயோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
தெருவுக்கே தெரியும்.
நான் நிறுத்திப் பதினோரு மாதம்.

லுத்விகா வாங்கியதை என்னிடம் சொல்லவில்லை.
வாஷிங் மெஷினுக்குள், ஈரத் துவாலைக்கு அடியில்,
ஒரே ஒரு டப்பா.
அந்த இடம் எனக்குத் தெரியாதா?
அதைக் கண்டுபிடித்தவனே நான்.

எடுத்து மேசைமேல் வைத்தேன்.
உருளைக்கிழங்கில் கத்தி நின்றது.
நானே ஊற்றுகிறேன் என்றேன்.

ஜூன் மாதச் சிலேசியாவில்
இரவு ஒன்பதரைக்கும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்.
தயிர்க் கிண்ணங்கள் நான்கு,
விளிம்புவரை மண்ணில் புதைத்து.
திறக்கும்போது வருமே அந்தச் சின்னப் பெருமூச்சு,
அது என் பெயரைச் சொன்னது.
முதல் கிண்ணம் வழிந்தது. இரண்டாவதும்.
மூன்றாவதற்கு இடது கை வந்து
வலது கையைப் பிடித்துக்கொண்டது.
சமையலறை விளக்கு அணைந்திருந்தது.
ஜன்னலில் அவள் நிற்பது தெரிந்தது,
தெரியாத மாதிரி ஊற்றினேன்.
விரலில் பட்ட நுரையைப்
பட்டாணி இலையில் துடைத்தேன்.
டப்பாவை இரண்டு முறை அலசினேன்.

தூங்கவில்லை.

காலையில் பதினேழு.
குப்புறவும் மல்லாக்கவும், ஊதி, வெளிறி,
போதும் என்று எழத் தெரியாமல் போனவர்கள்.
சிலரை எனக்கு முன்பே தெரியும் போலிருந்தது.
ஒன்று மட்டும் விளிம்பில்,
பாதி உடம்பு உள்ளே, கொம்புகள் வெளியே,
வாசனையை இன்னும் யோசித்தபடி.
அதை அட்டைத் துண்டில் ஏந்திக் கொண்டுபோய்
வீட்டோல்டின் பக்கம் விட்டேன்.

லுத்விகா காபியோடு வந்தாள்.
எத்தனை என்றாள்.
பதினேழு என்றேன்.
அவள் நகரவில்லை.
பூஜ்யம் என்றேன்.

நூல்கோலில் நாலு தேறும்,
என்றாள், குனியாமலே
இலையைப் புரட்டிப் பார்த்து.